ஏக்கருக்கு 2 கிலோ விதை போதுமா? ஒற்றை நாற்று நடவில் என்ன நடக்கிறது?

வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதைநெல் வேணும். திருந்திய நெல் சாகுபடியில் 2, 3 கிலோ போதும். 1980-களில் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லொலானியே உருவாக்கிய முறை இது.

14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ இடைவெளியில் நடணும். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் 2.5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். வேருக்குக் காற்று கிடைக்கும். தூர் நிறைய வெடிக்கும்.

அப்புறம் ஏன் எல்லோரும் மாறலை? தண்ணி நிற்காத வயலில் களை மண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் தள்ள ஆள் வேணும். அதைவிடப் பெரிய சிக்கல், காய்ச்சலும் பாய்ச்சலுமா விட, நினைத்தபோது தண்ணீர் வரணும். போர்வெல் வைத்திருப்பவருக்குச் சுலபம். முறை வைத்து விடும் ஆற்றுத் தண்ணீரை நம்பும் டெல்டா கடைமடை விவசாயி, வந்த தண்ணீரை வரப்பு நிறையத் தேக்கி வைக்கத்தான் பார்ப்பார்.