கொலையா செய்தார் குமாஸ்தா? மெமோ பதிலில் ஒரு வார்த்தை செய்த கூத்து!

பாரிமுனையில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. கையில் மெமோ, முகமெல்லாம் வியர்வையுடன் வந்து நின்றார் ஓர் இளம் குமாஸ்தா.

பில்லில் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டாராம். மாலை 5 மணிக்குள் மானேஜரிடம் பதில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்கே வேட்டு!

எழுதி எடுத்து வந்த பதிலை நீட்டினார். "ஐ கமிட்டட் எ மிஸ்டேக்" என்று ஆரம்பித்தது முதல் வரி.

கடைக்காரர் பல வருஷம் ஆபீசில் குப்பை கொட்டிய ஆசாமி. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

"ஏன் தம்பி, கொலையா பண்ணிட்டே?"

"ஐயோ சார்! ஒரே ஒரு சைபர்தான் சார்!"

"அப்புறம் எதுக்கு 'கமிட்'? கொலை, கொள்ளை, மோசடிக்குப் போடுற வார்த்தை அது. சாதாரணத் தப்புக்கு 'மேட்' போடு. 'ஐ மேட் எ மிஸ்டேக் இன் தி பில்'. அவ்வளவுதான்."

(கோர்ட்டுத் தீர்ப்புகளில் 'கமிட்டட் ஆன் எர்ரர்' என்று வருவது உண்டு. அது வேறு கதை.)

"தப்பு செஞ்சேன்னுதானே சார் சொல்றோம்? 'டிட்' போட்டா என்ன?"

"அங்கதான் நம்ம ஆளுங்க வழுக்கி விழறாங்க!"

ஜோடிப் பொருத்தம்

தமிழில் வேலையும் 'செய்'கிறோம், தப்பும் 'செய்'கிறோம், முடிவும் 'செய்'கிறோம். இங்கிலீஷில் வேலைக்கு 'டூ'. தப்புக்கும் முடிவுக்கும் 'மேக்'. நமக்கு மழையும் பலத்த மழை, காற்றும் பலத்த காற்று. அவர்களுக்கோ மழை என்றால் 'ஹெவி ரெயின்', காற்று என்றால் 'ஸ்ட்ராங் விண்ட்'. டீயும் 'ஸ்ட்ராங்'தான். 'பவர்ஃபுல் டீ' கேட்டால் வெள்ளைக்காரன் முழிப்பான்!

ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பழக்கம்தான். நாம் மட்டும் என்னவாம்? கூடையை முடைகிறோம், பாயைப் பின்னுகிறோம், சுவரை எழுப்புகிறோம். 'சுவர் முடைந்தான்' என்று யாராவது எழுதினால் சிரிக்க மாட்டோமா?

டோக்கியோவில் பிறந்தது

இந்த ஜோடிகளை முறையாகத் திரட்டும் வேலை பெரிய அளவில் நடந்தது லண்டனில் அல்ல, ஜப்பானில்! அங்கே இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய்ந்துவந்த ஹெரால்டு பாமர், 1933-ல் டோக்கியோவில் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஏ.எஸ்.ஹார்ன்பியும் நண்பர்களும் தயாரித்த அகராதி 1942-ல் அங்கேயே அச்சானது. 1948-ல் அதை ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. இன்று மாணவர்கள் புரட்டும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதிக்கு மூத்த பதிப்பு அதுதான். தாய்மொழியாகப் பேசுகிறவனுக்கு ஜோடி தானாக வரும். ஜப்பான்காரருக்கும் நமக்கும்தானே திண்டாட்டம்!

கடையில் திருத்தல் முடியவில்லை. 'டிஸ்கஸ்டு அபவுட்' என்ற இடத்தில் 'அபவுட்' அடிபட்டது. 'ரிட்டர்ன் பேக்' என்ற இடத்தில் 'பேக்' பறந்தது.

"ரிட்டர்ன்னாலே திரும்பத்தான் தம்பி. ரெண்டு தடவை எதுக்குத் திரும்பறே?"

மணி நாலரை. தாள் வெளியே வந்தது. அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்சைப் பிடிக்க ஓடினார் குமாஸ்தா.