கம்பி முறுக்கினாலும் சொல் கேட்கும் விமானம்

15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் இயக்கப் பயிற்சி தரும் திட்டத்தைப் பிரதமர் 2023 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவித்தார். அதிலிருந்து வேளாண்மை என்றாலே ட்ரோன் என்று பேச்சு மாறிவிட்டது. நெல் வயலில் மருந்து தெளிக்க அது நல்ல கருவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ட்ரோன் ஓட்டினால் விமானவியல் தானாக வந்துவிடும் என்று பயிற்சி வகுப்புக்காரர்கள் செய்யும் விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. விசையிலிருந்து கையை எடுத்தாலும் செயற்கைக்கோள் துணையோடு அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பது ட்ரோன். பறப்பதில் உள்ள சிக்கல்களை எல்லாம் அதன் சில்லு தீர்த்துவிடுகிறது. ஓட்டுபவர் தீர்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

எல்லாச் சிக்கலையும் மனிதக் கையிலேயே விட்டுவைக்கும் விமானம் ஒன்று உண்டு. புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வயலே அதற்குப் போதும். பெயர் கன்ட்ரோல் லைன். அதில் ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை. சுமார் 16 மீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு முனையில் விமானம், மறுமுனையில் கைப்பிடியோடு மனிதர். விமானம் அவரைச் சுற்றி வட்டமிடும். இதன் சண்டைப் பிரிவுக்கு காம்பேட் என்று பெயர். ஒரே வட்டத்துக்குள் இரண்டு பேர் நின்று இரண்டு விமானங்களைப் பறக்கவிடுவார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நீண்ட கிரேப் காகித வால் பறக்கும். எதிராளியின் வாலைத் தன் புரொப்பல்லரால் நறுக்க வேண்டும். 4 நிமிடப் போட்டியில் ஒரு வெட்டுக்கு 100 புள்ளி.

நம்மூர் செக்கு இதைப் புரிந்துகொள்ள நன்றாக உதவும். மாடு வட்டமாகச் சுற்றுகிறது, நடுவில் உரல். கன்ட்ரோல் லைனில் உரல் இருக்கும் இடத்தில் செக்கோட்டியே நிற்கிறார். மாட்டின் தலைக்கயிறு இரண்டும் அவர் கையில். ஒரு கயிற்றைச் சுண்டினால் மாடு மேலே ஏறும், மற்றதைச் சுண்டினால் கீழே இறங்கும். இந்த மாடு எப்போதும் வட்டத்தை விட்டு வெளியே ஓடவே துடிக்கும். அந்தத் துடிப்பு இருக்கும்வரைதான் கயிறு விறைப்பாக இருக்கும், விறைப்பாக இருக்கும்வரைதான் சொல் கேட்கும். மாடு சோர்ந்தால் கயிறு தொய்யும், தொய்ந்தால் செக்கோட்டிக்கும் மாட்டுக்கும் தொடர்பே இல்லை. இதே செக்கில் வாலில் துணி கட்டிய இரண்டு மாடுகளைப் பூட்டி, ஒன்றின் துணியை மற்றது கடிக்கும்படி ஏவிவிட்டு, இரண்டு செக்கோட்டிகளும் உரல் இருந்த இடத்தில் தோளோடு தோள் உரசிச் சுழன்றால் அதுதான் காம்பேட்.

கணக்கும் அழகானது. சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பு எஃப்2டி என்ற காம்பேட் பிரிவுக்கு விதித்திருக்கும் கம்பி நீளம் 15.92 மீட்டர். இந்த விசித்திர எண்ணை ஆரமாக வைத்து வட்டம் போட்டால் சுற்றளவு 100 மீட்டர். பத்துச் சுற்று ஒரு கிலோமீட்டர். பழைய காலத்து மாதிரி ஒன்று 450 கிராம் எடையோடு மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 வினாடி. அப்போது கையில் விழும் இழுவை சுமார் 3.2 கிலோ எடைக்குச் சமம், அதாவது விமானத்தின் எடையைப் போல ஏழு மடங்கு. வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். விமானத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதற்குக் கட்டளை கொண்டுபோவதும் இந்த ஒரே இழுவைதான். இறக்கைக்குள் பெல்கிராங்க் எனப்படும் முக்கோணத் தகடு ஒன்று அச்சில் ஆடுகிறது. அதன் இரு மூலைகளில் இரண்டு கம்பிகள், மூன்றாவது மூலையிலிருந்து, பின்னால் எலிவேட்டர் எனப்படும் அசையும் தகட்டுக்கு ஒரு தள்ளுகோல். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி முன்னேறும், மற்றது பின்வாங்கும், தகடு திரும்பும், விமானம் மூக்கைத் தூக்கும் அல்லது தாழ்த்தும். நகரும் கட்டுப்பாடு இவ்வளவுதான். மற்ற எல்லாம் கம்பியைத் தொய்யவிடாமல் காக்கும் ஏற்பாடுகள்: இன்ஜினை வட்டத்துக்கு வெளிப்புறம் பார்த்து லேசாகத் திருப்பி வைப்பது, கம்பிகளின் பாரத்தைச் சமன்செய்ய வெளி இறக்கை முனையில் சிறிது ஈயம் வைப்பது.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம். விமானம் ஒரு குட்டிக்கரணம் போட்டால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று ஒரு முறை முறுக்கிக்கொள்ளும். ஒரே பக்கமாக ஐந்து கரணம், ஐந்து முறுக்கு. எதிராளியின் கம்பிகளும் வந்து பின்னிக்கொண்டால் நான்கு கம்பிகள் ஒரு சடை. பார்ப்பவர்கள் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பார்கள். விமானங்களோ எதுவும் நடக்காததுபோல் கட்டளையைக் கேட்டு ஏறி இறங்கும். எப்படி?

கம்பியை ஒரு தூணில் சுற்றி இழுத்தால் உராய்வு, சுற்றுக்குச் சுற்று கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். எண்ணெய்ப் பூச்சுள்ள எஃகுக்கு உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் இழுக்கும் விசை 2.6 மடங்காக வேண்டும், மூன்று சுற்றில் சுமார் 17 மடங்கு. அந்தக் கணக்குப்படி ஐந்து முறுக்கில் கம்பி அசையவே கூடாது. ஆனால் உராய்வைத் தீர்மானிப்பது கம்பி எத்தனை முறை சுற்றியது என்பது அல்ல, எத்தனை டிகிரி திசை மாறியது என்பதே. தூணைச் சுற்றும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் 360 டிகிரி திரும்புகிறது. விறைப்பாக இழுபடும் இரட்டைக் கம்பியின் முறுக்கோ நீளவாக்கில் பரவிவிடும். 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் ஒரு முறுக்கு 2 சென்டிமீட்டருக்குப் பரவினால், கம்பி தன் பாதையிலிருந்து 4 டிகிரிக்கும் குறைவாகவே சாய்கிறது. ஒரு முறுக்கு முழுவதிலும் அது வளைந்து திரும்பும் மொத்தக் கோணம் சுமார் 22 டிகிரி. விசையில் கூடுவது தோராயமாக 6 சதவீதம். ஐந்து முறுக்குக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். கைப்பிடி சற்றுக் கனக்கும், அவ்வளவே. மெல்லிய கம்பியும் நல்ல விறைப்பும் சேர்ந்து, பார்வைக்கு முடிச்சாகத் தெரிவதை உண்மையில் முடிச்சாக விடுவதில்லை.

இந்தக் கணக்கு உராய்வுக் கெழு குறைவாக இருக்கும்வரைதான் செல்லும். துரு, மணல், காய்ந்த எண்ணெய்ப் பிசின் ஆகியவை கெழுவை உயர்த்திவிடும், பெருக்கல் தன் வேலையைக் காட்டும். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் சுத்தமான துணியால் கம்பியைத் துடைப்பது அதனால்தான். பாகூர் பக்கம் கடல் தொலைவில் இல்லை. உப்புக் காற்றில் கம்பியை வெறுமனே விட்டுவைக்கக் கூடாது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் இந்த முறையில் விமானம் பறக்கவிட்டார். அதே மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் இதற்குக் காப்புரிமை பெற்று, ஃபயர்பால் என்ற மாதிரியை விற்றுப் புகழ்பெற்றார். 1955இல் காக்ஸ் என்ற மாதிரி விமான நிறுவனத்தோடு நடந்த வழக்கில் செயின்ட் கிளேரின் முந்தைய வேலை சான்றாக வந்தது, வாக்கரின் உரிமை நிற்கவில்லை. யார் முதலில் என்ற சண்டையை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

1950களின் காம்பேட் விமானம் கிட்டத்தட்ட வெறும் இறக்கைதான். பால்சா மரக் கட்டைகளும் விலாத் துண்டுகளும் கொண்ட கூடு, அதன்மேல் மெல்லிய காகிதமோ நைலான் துணியோ இழுத்து ஒட்டி டோப் பூச்சு. இன்ஜினைத் தாங்கும் கட்டை மட்டும் வன்மரம். சக்கரம் கிடையாது. உதவியாளர் கையிலிருந்து ஏவுவார், இறங்கும்போது புல்லில் வயிற்றால் சறுக்கும். அதனால் தார்ச்சாலையைவிட அறுத்த வயல் மேல். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்யப்பட்ட ஆலிவர் டைகர் என்ற 2.5 சி.சி. இன்ஜின் அந்தக் காலத்தில் பலரும் விரும்பியது. இந்தியாவில் கல்கத்தாவின் அரோரா இன்ஜின்கள் இருந்தன. டீசல் இன்ஜின் என்று பெயர் இருந்தாலும் இவற்றுக்கு பங்க் டீசல் ஆகாது. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சமபங்கு. ஸ்பார்க் பிளக் இல்லை. விரலால் புரொப்பல்லரைச் சுண்டினால், அழுத்தத்தின் சூட்டிலேயே ஈதர் பற்றிக்கொள்ளும். சிலிண்டரின் தலையில் உள்ள திருகு அந்த அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். 5 மீட்டர் ஆரத்தில் விமானம் சட்டென்று திரும்பும்போது எரிபொருள் தன் எடையைப் போல 20 மடங்குக்கு மேல் கனத்து, டாங்கியிலிருந்து வர மறுக்கும். அமெரிக்கர்கள் ஃபவுண்டன் பேனாவின் மை உறிஞ்சும் ரப்பர் பையில் எரிபொருளை நிரப்பி, ரப்பரின் இறுக்கத்தாலேயே அதை இன்ஜினுக்குள் தள்ளவைத்தார்கள்.

இப்போது பழைய இன்ஜின்களுக்கு அரிய பொருள் என்று பட்டம் சூட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்த விலைக்கும் பறக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. கன்ட்ரோல் லைன் பழகினால் விமானியாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்கத் தேவையில்லை. கற்றுத்தருவது வேறு: இழுவை, உராய்வு, சமநிலை ஆகியவை பாடநூல் சொற்களாக இல்லாமல் மணிக்கட்டில் உணரப்படும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இதைப் புரிந்துவைத்திருக்கிறது. அதன் அகில இந்திய வாயு சைனிக் முகாமின் மாதிரி விமானப் போட்டியில் கன்ட்ரோல் லைனுக்கும் இடம் உண்டு. அங்கே சாகசப் பறப்பு கற்றவர்களுக்கு காம்பேட் அடுத்த படி.

ஊரில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, மின்கம்பத்தை. நெல் வயல்களின் நடுவே பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கையில் இருப்பதோ எஃகுக் கம்பி. அவை தொட்டுக்கொண்டால் உயிர் போகும். 20 மீட்டர் ஆர வட்டமும் அதைச் சுற்றித் தாராளமான வெற்றிடமும் மின்கம்பி இல்லாமல் கிடைத்தால் மட்டுமே பறக்கவிடலாம். கைப்பிடியோடு மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். இன்ஜின் ஓடும் விமானம் கை நழுவினால் தொடுகோட்டில் நேராகப் போகும், எதிரில் யார் நின்றாலும். காலை நேரம் உகந்தது. கடற்காற்று எழுந்த பிறகு, வட்டத்தில் காற்று வரும் பக்கத்தை விமானம் கடக்கும்போது அது உள்நோக்கித் தள்ளப்பட்டுக் கம்பி தொய்யும். முதல் மாதங்களில் 1.5 சி.சி. இன்ஜினும் 12 மீட்டர் கம்பியும் நிதானமான பயிற்சி மாதிரியும் போதும், வால் வேண்டாம். தலை சுற்றுகிறதே என்று பயப்படுபவர்கள் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும். பின்னால் ஓடும் தென்னை வரிசையைப் பார்த்தால்தான் சுற்றும்.