பேரை மாத்தினா கதை உடையுமா? – பாட்ஷா, குணா, பரியேறும் பெருமாள்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம்தான்: "எப்ப பார்த்தாலும் டெக் தானா, ஒரு நாள் சினிமா பேசுங்க ப்ரோ." சரி, பேசிடுவோம். இன்னைக்கு டாபிக், கதாநாயகன் பேரையே டைட்டிலா வெச்ச படங்கள்ல எனக்குப் பிடிச்ச மூணு.

கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு வேரியபிளோட பேரை எல்லா இடத்துலயும் சரியா மாத்திட்டா, புரோகிராம் முன்னாடி மாதிரியேதான் ஓடும். மெஷினுக்குப் பேர் முக்கியமே இல்ல. பல படங்களும் அப்படித்தான். ஹீரோ பேரை மாத்தினாலும் கதை அப்படியே ஓடும். நான் சொல்லப்போற மூணும் அப்படி இல்ல. இதுல பேரை மாத்தினா கதையே உடைஞ்சிடும்.

முதல் படம், சுரேஷ் கிருஷ்ணா இயக்கின 'பாட்ஷா', 1995. தியேட்டருக்குள்ள போகும்போதே டைட்டில் நமக்குத் தெரியும். ஆனா கிட்டத்தட்ட பாதி படம் வரைக்கும் திரையில இருக்கிறது ஆட்டோக்காரர் மாணிக்கம். அடி வாங்கிட்டு அமைதியா நிக்கிறார். அந்தக் குடும்பத்துக்கே தெரியாத ஒரு பேரு நமக்கு மட்டும் தெரியும். அந்தப் பேர் எப்ப வெளிய வரும்ங்கிறதுதான் படத்தோட டென்ஷனே. அதைவிட முக்கியமா, பாட்ஷாங்கிறது அவரோட பேரே கிடையாது. கொல்லப்பட்ட நண்பன் அன்வர் பாட்ஷாவோட பேர் அது. அதைத் தன் பேரோட சேர்த்துக்கிட்டுத்தான் அவர் மாணிக் பாட்ஷா ஆகிறார். மாஸ் படம்னு நாம கொண்டாடுற டைட்டிலுக்குள்ள ஒரு நண்பனோட சாவு இருக்கு.

ரெண்டாவது, சந்தானபாரதி இயக்கி கமல் நடிச்ச 'குணா'. 1991 தீபாவளிக்கு, 'தளபதி' ரிலீஸான அதே நாள்ல வந்த படம். குணா தன் மனசுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு அபிராமின்னு பேர் வெச்சிருக்கான். அவன் தூக்கிட்டுப் போற பொண்ணோட பேர் ரோகிணி. அவ எவ்வளவு மறுத்தாலும் அவனுக்கு அவ அபிராமிதான். ஆரம்பத்துல பயந்து, வெறுத்து, கடைசியில அந்தப் பேரை அவளே ஏத்துக்கிறா. இன்னைக்குப் பார்க்கும்போது ஒரு பொண்ணைக் கடத்துறதைக் காதலா காட்டுறது உறுத்தத்தான் செய்யுது, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒருத்தருக்கு நாம வைக்கிற பேர் அவங்களை என்ன செய்யும்னு இவ்வளவு தீவிரமா கேட்ட படம் குறைவு. இன்னொரு வேடிக்கை: படம் எடுத்த கொடைக்கானல் குகைக்கு அதுக்கு முன்னாடி 'டெவில்ஸ் கிச்சன்'னு பேர். இப்போ அது குணா குகை. 2024-ல 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும், குணா பார்க்காத தலைமுறைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்துடுச்சு.

மூணாவது, மாரி செல்வராஜோட முதல் படம், 2018-ல வந்த 'பரியேறும் பெருமாள்'. பரின்னா குதிரை. குதிரை மேல ஏறி வர்ற சாமியோட பேரு. அந்தப் பேரை வெச்சுக்கிட்டு திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்கு ஒரு பையன் படிக்கப் போறான். அவன் யாருன்னு அவனே சொல்றதுக்கு முன்னாடி, அவன் சாதியைத் தெரிஞ்சுக்கிட்டு மத்தவங்க முடிவு பண்ணிடுறாங்க. அடிக்கிறாங்க, அசிங்கப்படுத்துறாங்க. அவன் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல, மத்தவங்களை மதிக்கிற மாதிரி தன்னையும் மதிக்கணும், அவ்வளவுதான். கடைசியில வர்ற ரெண்டு டீ கிளாஸும் நடுவுல இருக்கிற மல்லிகைப் பூவும் என்னை இன்னும் விடல.

இந்த லிஸ்ட்டை நான் எடுக்கக் காரணமே இந்த மூணாவது படம்தான். எனக்கு வெச்சது எங்க குலசாமி பேர். காலேஜ் சேர்ந்த முதல் நாள் அட்டெண்டன்ஸ்ல அந்தப் பேரை வாசிச்சதும் பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு. அன்னைக்கு சாயங்காலமே சுருக்கிட்டேன். ரெஸ்யூம், முதல் வேலை, ஆபீஸ் மெயில் ஐடி எல்லாத்துலயும் அந்த மூணு எழுத்துதான். ஒரு தடவை அப்பா ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணி முழுப்பேர் சொல்லிக் கேட்டிருக்கார். அப்படி யாரும் இங்க இல்லைன்னு வெச்சுட்டாங்க. "உன் பேரு அங்க இல்லையாமே தம்பி"ன்னு மட்டும் ராத்திரி கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

பரியன் பட்டதுல நூத்துல ஒரு பங்குகூட நான் படல, அதைத் தெளிவா சொல்லிடுறேன். ஆனா படம் பார்த்துட்டு வந்த வாரம் ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போட்டேன்: பேர் திருத்தம். இந்த பாட்காஸ்ட்ல ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்துலயும் நான் சொல்ற முழுப்பேர் அதுதான். மூச்சு வாங்கினாலும் சுருக்க மாட்டேன்.

உங்க லிஸ்ட்ல எந்தப் படம்? கூடவே, உங்க பேரை உங்களுக்கு யார் வெச்சாங்கன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன், முழுசா.