மேமோகிராம் அறிக்கையில் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

மார்பகப் புற்றுநோயைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. கட்டி தட்டுப்பட்டாலும் மகள் உம்மாவிடம் சொல்வதில்லை, மனைவி கணவரிடம் சொல்வதில்லை. ஆனால் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இதனால் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி மேமோகிராம் அறிக்கையுடன் எங்களிடம் வந்தார். படம் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதில் 'பைராட்ஸ் 0' என்று இருந்ததால், ஒன்றுமில்லை என்று நினைத்து பீரோவில் வைத்துவிட்டாராம். உண்மையில் 0 என்றால், 'இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, மேலும் பரிசோதிக்க வேண்டும்' என்று பொருள். உடனே ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தோம். வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. வேறு ஏதாவது இருந்திருந்தால் அந்த நான்கு மாதம் திரும்பக் கிடைத்திருக்காது. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தகடுகளுக்கு இடையே சில விநாடிகள் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சற்று வலிக்கலாம். கதிர்வீச்சு மிகக் குறைவு. மாதவிடாய் முடிந்த வாரத்தில் எடுத்தால் வலி குறையும். அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போடக் கூடாது. அவை படத்தில் புள்ளிகளாகத் தெரியலாம்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பைராட்ஸ் எண். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசி மூலம் சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 4 என்று வந்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். சதைப் பரிசோதனைக்குப் பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது, மார்பக அடர்த்தி. இதை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாகவும் தெரியும். கட்டியும் வெள்ளைதான். எனவே சி, டி வகையினரிடம் கட்டியைத் தேடுவது வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவது போன்றது. மேலும், அடர்த்தி மிகுந்த டி வகையினருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏ வகையினரைவிடப் பல மடங்கு அதிகம். கையால் தடவிப் பார்த்து அடர்த்தியை அறிய முடியாது, படத்தில்தான் தெரியும்.

அடர்த்தி ஒரு நோயல்ல. நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அடர்த்தி அதிகம்தான். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். இங்கே நாமே கேட்போம்: "டாக்டர், என் அடர்த்தி என்ன? எனக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தேவையா?"

மருத்துவர் அடர்த்தியை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிடுவதில்லை. வயது, தாய் அல்லது உடன்பிறந்த சகோதரிக்கு இந்நோய் வந்திருப்பது, சிறு வயதிலேயே பூப்படைந்தது, மாதவிடாய் தாமதமாக நின்றது, அதன் பிறகு உடல் எடை கூடியது ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார். எனவே குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் நாற்பது வயதுவரை காத்திராமல் முன்பே ஆலோசனை பெற வேண்டும். மற்றவர்கள் நாற்பதைத் தாண்டியதும் எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்துச் சுருங்கினாலோ, மேமோகிராம் சரியாக இருக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள்.

வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் சகோதரிகளுக்கு: பெண் ஊழியர்தான் படம் எடுக்க வேண்டும் என்று நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். சகோதரர்களே, வீட்டுப் பெண்களை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டு போங்கள். மாற்றத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும். அறிக்கை கைக்கு வந்ததும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு பீரோவில் வையுங்கள்.