குறை சொல்கிறவர் இன்னும் கிளம்பவில்லை

"இந்த சீரியலை மனுஷன் பார்ப்பானா?" என்று தினமும் கேட்கிற அத்தை, அதைத் தினமும் பார்க்கிறவராகத்தான் இருப்பார். "பிடிக்கலேன்னா சேனலை மாத்துங்க அத்தை" என்று சொல்லிப் பாருங்கள், கோபம் நம் மேல் திரும்பும். நாம் சொன்னதில் என்ன தப்பு? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

குறை சொல்வது அது தீர்வதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃபியூஸ் போனதும் மின்வாரியத்துக்குப் போன் போடுவது அந்த வகை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவரிடம், "வந்தா மூணு சேர்ந்து வருது, இல்லேன்னா ஒண்ணுகூட வராது" என்கிறோமே, அவர் என்ன டெப்போ மேனேஜரா? ராபின் கோவால்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் 1996இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மனதில் பெரிய அதிருப்தி இல்லாதபோதும் மனிதர்கள் குறை சொல்வார்கள் என்றார். பேச்சைத் தொடங்க, தன் ரசனை உசத்தி என்று காட்ட, எதிரில் இருப்பவர் நம்ம ஆள்தானா என்று பார்க்க.

பஸ் ஸ்டாப்பில் இன்னொரு லாபமும் உண்டு. வரிசைகளைப் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மெய்ஸ்டர், எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும், சும்மா நிற்கும் நேரமும் அப்படியே என்கிறார். சேர்ந்து திட்டினால் இரண்டாவதாவது தீர்கிறது.

சினிமா இதற்கு இன்னும் வசதி. சம்பளத்தையோ சம்பந்தியையோ பற்றிக் குறை சொன்னால் எங்கேயாவது போய் இடிக்கும். "செகண்ட் ஹாஃப் இழுவை" என்றால் யாருக்கும் சேதமில்லை, இயக்குநரைத் தவிர.

சரி, இழுவை என்று தெரிந்தும் ஏன் மறுபடி போகிறார்கள்? இதற்கு எனக்குப் பிடித்த விடை ஒரு பொருளியலாளரிடம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற அவரை நைஜீரிய ரயில்வே குழப்பியது. லாரிகள் போட்டிக்கு வந்து, நெடுந்தூரம் போகிற நிலக்கடலை மூட்டைகளைக்கூட ரயிலிடமிருந்து பறித்துக்கொண்ட பிறகும் ரயில்வே திருந்தவில்லை. போட்டி வந்தால் திருந்த வேண்டுமே? நடந்தது வேறு. சேவை சரியில்லை என்று சத்தம் போடக்கூடியவர்கள் எல்லாரும் லாரிக்கு மாறிவிட்டார்கள். மிச்சமிருந்த இடத்தில் கேட்க ஆளில்லை. வருமானம் போனாலும் அரசுப் பணம் இருந்ததால் ரயில்வேக்கு வலிக்கவுமில்லை. 1970இல் வந்த தன் புத்தகத்தில் அவர் இதை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்: பிடிக்காத இடத்தில் ஒன்று விலகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். பற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நாள் விலகல் தள்ளிப்போகும், குரல் நீடிக்கும்.

ரயிலை வைத்து எழுதியதுதான். ஆனாலும் முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப்பிடித்து டிக்கெட் வாங்கி, இன்டர்வெல்லில் பாப்கார்னோடு நின்று "போன படமே தேவலை" என்கிற நம் ரசிகரை இதைவிடச் சரியாக யாரும் படம் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அந்த நடிகர் இன்னும் வேண்டும். அத்தைக்கும் அந்த சீரியல் குடும்பம் வேண்டும். சேனலை மாற்றச் சொல்வது, குரல் கொடுக்கிறவரைப் பிடித்து வாசலைக் காட்டுவது.

கொட்டிவிட்டால் மனசு ஆறிவிடும் என்பதை மட்டும் நான் முழுசாக நம்புவதில்லை. 2002இல் வெளிவந்த பிராட் புஷ்மனின் சோதனையில், கோபமூட்டப்பட்ட சிலரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையை அடிக்கச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. அதனால் பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து வேறு பேச்சுக்குப் போகிறவரைப் பற்றிக் கவலையில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருப்பவரிடம்தான் நான் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவேன். அங்கேயும் டீம் செலக்‌ஷனைத் திட்டுவார். பரவாயில்லை, அது வேறு திட்டு.