மூலிகைச் சாரமும் புற்றுநோய்ப் பரிசோதனையும்

சுடுகாட்டு மல்லி என்றும் நித்தியகல்யாணி என்றும் வழங்கும் செடியை அறியாதார் இலர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலை நீரிழிவைத் தணிக்கும் என்று பல நாடுகளில் நம்பப்பட்டு வந்தது. அந்நம்பிக்கையைச் சோதிக்கும் பொருட்டு, 1950-களில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள் என்பாரும் அவர்தம் குழுவினரும் இலைச் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோய் கண்டு மாண்டன. காரணத்தை ஆராய்ந்ததில், அவற்றின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளையணுக்களைக் குறைக்க வல்ல பொருள், அவை கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் பயன்படக்கூடுமன்றோ? 1958-இல் அறிவிக்கப்பட்ட வின்பிளாஸ்டினும், அதே செடியினின்று பின்னர்ப் பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டினும் இன்றும் மருத்துவமனைகளில் பயன்பட்டு வருகின்றன.

ஆயினும் இவ்வரலாற்றைக் கொண்டு, இன்ன மூலிகை புற்றுநோயைக் கொல்லும் என்று வரும் செய்திகளையெல்லாம் நம்பிவிடலாகாது. அவற்றுள் பல, கண்ணாடிக் கிண்ணத்தில் நிகழ்ந்த முதற் பரிசோதனையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவை.

அப்பரிசோதனையின் முறை வருமாறு. உலர்த்திப் பொடித்த மூலிகையை, சரிபாதி நீர் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, வற்றச் செய்தால் சாரம் கிடைக்கும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் இந்நாட்டுத் தாவரங்களை வரிசையாகச் சோதித்தபோது கையாண்ட முறையும் இதுவே. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் புற்று உயிரணுக்களின்மீது சாரம் பற்பல அளவுகளில் இடப்படுகிறது. மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் குறைந்த அளவிலேயே வளர்ச்சி பாதியாகக் குன்றினால்தான் சாரம் மேலும் ஆராயத்தக்கது என்பது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பரிசோதனைகளில் கொள்ளப்பட்ட அளவுகோல். அளவு மிகுந்தால் சோற்றுப்புக் கரைசலும் உயிரணுக்களைக் கொல்லும்; அதில் வியப்பொன்றுமில்லை.

பிழைத்தவற்றைக் கணக்கிடுவதிலும் ஏமாற்றம் உண்டு. உயிருள்ள உயிரணுக்கள் ஒருவகை மஞ்சள் சாயத்தை ஊதா நிறமாக்கும். ஊதா எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவுக்கு உயிரணுக்கள் மாண்டன எனக் கொள்வர். ஆனால் சில சாரங்கள் உயிரணு ஒன்றேனும் இல்லாமலே அச்சாயத்தை ஊதாவாக்கிவிடும். ஆகவே, சாரமும் சாயமும் மட்டும் இட்ட கிண்ணமும், சாரமிடாத உயிரணுக்களைக் கொண்ட கிண்ணமும் ஒப்புநோக்குக்காக உடன் வைக்கப்பட வேண்டும். கடுக்காய் முதலியவற்றில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மற்றொரு தொல்லை. அது விலங்குப் பரிசோதனையிலும் பொய் நம்பிக்கையைத் தந்தமையால், அதனை நீக்கிய பின்னரே சாரங்களைச் சோதிக்க நேர்ந்தது.

அடுத்த படி சுண்டெலி. இரத்தப் புற்று ஏற்றப்பட்ட சுண்டெலிகள் மருந்தின்றி 10 நாள் வாழுமாயின், சாரம் பெற்றவை பன்னிரண்டரை நாளேனும் வாழ்ந்தாலன்றி அது பயனுடையதாகக் கொள்ளப்படவில்லை. 1960 முதல் 1982 வரை மேற்கூறிய அமெரிக்க நிலையம் ஏறத்தாழ 1,14,000 தாவரச் சாரங்களைச் சோதித்தது. அவற்றினின்று மருந்தாகத் தேறியவை விரல்விட்டு எண்ணத்தக்கன.

இதுபற்றி ஊரார் முதலில் வினவுவது ஆசிரியரையும் களப்பணியாளரையுமே. நித்தியகல்யாணி நச்சுச் செடி என்பதையும், வின்கிரிஸ்டின் மருத்துவரின் கண்காணிப்பில் மில்லிகிராம் கணக்கில் இரத்தக்குழாயில் செலுத்தப்படுவது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். இலையைக் காய்ச்சிக் குடிப்பது அதற்கு ஈடாகாது. ஆறாத புண்ணோ கட்டியோ உடையவர் கஷாயத்தில் மாதங்களைக் கழிப்பாராயின், தொடக்கத்தில் தீர்க்கத்தக்க நோயும் முற்றிவிடும்.

மூலிகை சேகரிப்போர் செய்யும் பிழையை ஆய்வுக்கூடத்தில் திருத்துவது அரிது. கீழாநெல்லி என்று கொணரப்படும் மூட்டையில் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள் கலந்திருப்பதுண்டு. ஆதலின் பூவும் காயும் கூடிய கிளையொன்றைத் தாளிடை அழுத்தி உலர்த்தி, இடம், நாள், உள்ளூர்ப் பெயர், சேகரித்த உறுப்பு ஆகியவற்றைக் குறித்து உடன் அனுப்புதல் வேண்டும். பருவமும் மண்ணும் மாறினால் செடியிலுள்ள சத்தின் அளவும் மாறும். சாரம் பயன் காட்டி, ஈராண்டு கழித்து அதே செடி மீண்டும் தேவைப்படும்போது, அதனைத் தேடிச் செல்வோர்க்கு வழிகாட்டுவது அவ்வுலர்ந்த கிளையும் அதனோடு இணைத்த சீட்டுமே.