ஓடும் வீட்டில் ஓய்ந்துபோன பிளக்

சக்கரம் பூட்டிய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள், தோழியரே! முன்னால் ஓட்டுநர் இருக்கை. பின்னால் கட்டில், அடுப்பு, குளியலறை. அமெரிக்கர் இதை மோட்டார் ஹோம் என்பர். ஐயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னிபேகோ நிறுவனம் 1966-இல் இவற்றைச் செய்யத் தொடங்கியது. விடுமுறையில் குடும்பத்தோடு இதிலேறிப் புறப்படுவார்கள். இரவில் முகாம் திடலில் நிறுத்தி, அங்குள்ள மின்சாரப் பெட்டியில் வண்டியின் தடித்த வயரைச் செருகிக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில் ரொட்டி வாட்டும் கருவி சூடேறவில்லை. ஆனால் தலைக்குமேல் விளக்கு எரிகிறது! மின்சாரம் இருக்கிறதா, இல்லையா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வண்டியில் இருவகை மின்சாரம் உண்டு. விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட் பாட்டரியில் இயங்குபவை. சுவரிலுள்ள பிளக் பாயிண்டுகளுக்கோ வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் வேண்டும். ஆகவே விளக்கு எரிவது பிளக்குக்குச் சாட்சி ஆகாது.

தேடுவதை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். திடலின் பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கலாம். அடுத்தது வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டி. விழுந்த பிரேக்கர் பல சமயம் நடுவில் நிற்கும். பார்வைக்குப் போட்டது போலவே தோன்றும். அதை முழுவதும் அணைத்த பிறகே மீண்டும் போட வேண்டும். பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் வயரில் இரண்டு மின்வழிகள் வருகின்றன. ஒன்று தடைப்பட்டால் வண்டியில் ஒரு பகுதி மட்டும் ஓய்ந்துவிடும்.

இத்தனையும் சரியாயிருந்தும் சமையல் மேடைப் பாயிண்டில் உயிரில்லையா? குளியலறைக்குப் போங்கள்! அங்கே இரண்டு சிறு பொத்தான்கள் கொண்ட பாயிண்ட் ஒன்று இருக்கும். ஜி.எஃப்.சி.ஐ. என்பது அதன் பெயர். சமையல் மேடை, வெளிச்சுவர் ஆகியவற்றின் பாயிண்டுகள் பெரும்பாலும் இதன் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. இது விழுந்தால் அவையும் ஓய்ந்துவிடும்.

பெர்க்லி நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த சார்லஸ் டால்சீல் 1961-இல் கண்டுபிடித்த காவலாளி இது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் எடைபோடுகிறது. ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலே போதும். அந்தக் குறைவு ஒரு மனித உடல் வழியாக மண்ணுக்குப் போகிறதோ என்னவோ என்று கண்ணிமைக்குமுன் துண்டித்துவிடும்.

ரீசெட் பொத்தானை அழுத்தினால் பல சமயம் எல்லாம் உயிர்பெறும். திரும்பத் திரும்ப விழுந்தாலோ, எரிச்சலில் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பாயிண்டைப் பொருத்துவோர் உண்டு. என் எண்ணத்தில் இதைவிட அறிவீனம் வேறில்லை. வெளிச்சுவர்ப் பாயிண்டில் மழைநீர் புகுந்திருக்கும்; மின்சாரத்தைத் துண்டித்து உலர்த்தினால் போயிற்று! ரப்பர் டயர்மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு தொடர்பு வயரிலுள்ள எர்த் கம்பி ஒன்றுதான். அது அறுந்து, உள்ளே கசிவும் இருந்தால் வண்டியின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கும் குழந்தையைக் காக்கப் பிறகு யார் இருக்கிறார்கள்?

சாலைக் குலுக்கலில் பாயிண்டின் பின்புறக் கம்பி நழுவியிருப்பதும் உண்டு. அதைத் திறந்து பார்ப்பது மின்பணியாளர் வேலை. அவரும் வயரைக் கழற்றியதோடு நில்லாமல், ஜெனரேட்டரையும், பாட்டரியிலிருந்தே 120 வோல்ட் தரும் இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார்.